ஓடுபாதைக்கு அப்பால்: போர்க்கால விமானதளக் குடியிருப்புகளின் கட்டட அறிவியல்

குண்டுவீச்சு விமானதளம் என்றதும் நீண்ட ஓடுபாதையும் உயர்ந்த விமானக் கொட்டகைகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் மனக்கண்ணில் தோன்றினாலும், இரண்டாம் உலகப் போர்க்காலத் தளம் ஒன்றின் கட்டடங்களை ஒவ்வொன்றாக எண்ணினால், அவற்றுள் மிகுதியானவை மனிதர்கள் உண்ணவும் உறங்கவும் குளிக்கவும் நோயுற்றபோது படுத்துத் தேறவும் எழுப்பப்பட்டவையே என்பது விளங்கும். வெல்லிங்டன் போன்ற இரட்டை எந்திர விமானத்தில் ஐந்தாறு பேரும், பி-29 போன்ற பெரிய விமானத்தில் 11 பேரும் பறந்தார்கள் என்றால், அந்த விமானத்தைப் பழுதுபார்க்கவும் எரிபொருளும் குண்டும் ஏற்றவும், வானிலையைக் கணிக்கவும், சமைக்கவும், துணி வெளுக்கவும், கழிப்பிடங்களைத் துப்புரவு செய்யவும் அவர்களைப் போலப் பல மடங்கினர் தரையிலேயே வாழ்ந்தனர். இங்கிலாந்தின் கனரகக் குண்டுவீச்சுத் தளம் ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தனர். ஆகவே தளம் ஒன்றை அமைப்பது சில மாதங்களுக்குள் ஒரு சிற்றூரையே கட்டி முடிப்பதற்கு ஒப்பான பணியாக இருந்தது.

அந்தச் சிற்றூர்கள் போர் முடிந்ததும் கலைந்துவிடும் என்ற கணக்கிலேயே கட்டப்பட்டன. அப்படியிருந்தும் அவற்றின் கட்டடங்களுள் சில எண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. வேறு சில இரண்டு மூன்று மழைக்காலங்களுக்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. எது நின்றது, எது மறைந்தது என்பதைத் தீர்மானித்தவை மூன்று: கட்டடத்தின் பொருள், அதன் வடிவம், போருக்குப் பின் அதற்குள் குடிபுகுந்தவர்களின் தேவை. இம்மூன்றையும் ஒருசேரக் காண்பதற்கு மும்பையும் அதன் சுற்றுவட்டாரமும் வங்காளத்தின் கரக்பூரும் சிறந்த சான்றுகளாக அமைகின்றன.

சாந்தாகுரூஸ்: மாஹிமுக்கு வடக்கே ஒரு போர்த்தளம்

மும்பையின் மாஹிம் காஸ்வேயைக் கடந்து வடக்கே சென்றால் வரும் சாந்தாகுரூஸ், இன்று நாட்டின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களுள் ஒன்றைத் தாங்கி நிற்கும் நிலப்பகுதியாகும். 1928 முதல் செயல்பட்ட ஜுஹு விமானத்தளம் மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலமாகவும் பெரிய விமானங்களுக்குப் போதாததாகவும் இருந்ததால், போர்க்காலத்தில் பிரித்தானிய அரச விமானப்படை சாந்தாகுரூஸில் விரிந்த தளம் ஒன்றைப் பயன்படுத்தியது. அரபிக்கடலில் ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கிவந்த காலத்தில், வெல்லிங்டன் விமானங்களைக் கொண்ட 203ஆம் ஸ்குவாட்ரன் 1943ஆம் ஆண்டின் இறுதியில் இத்தளத்துக்கு வந்தது. ஸ்குவாட்ரன் என்பது ஒரே பணிக்காக ஒன்றாக இயங்கும் பன்னிரண்டு முதல் இருபது வரையிலான விமானங்களையும் அவற்றைச் சார்ந்த பணியாளர்களையும் கொண்ட பிரிவைக் குறிக்கும்.

இந்தப் படைப்பிரிவு பின்னர் சென்ற வழி தமிழ் வாசகருக்கு மிகவும் பழக்கமான நிலங்களின் ஊடாகச் செல்கிறது. 1944இன் பிற்பகுதியில் அது மதுரைத் தளத்துக்கு மாற்றப்பட்டு, அங்கு நான்கு எந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்களைப் பெற்று, 1945இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைத் தளத்தை அடைந்தது. போர்க்காலத்தில் விரைந்து அமைக்கப்பட்ட விமானதளங்களின் வலை மும்பை முதல் பரங்கிமலை, சோழவரம், சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு வழியாக ஈழத்தின் வடமுனை வரையும் பரவியிருந்தது. ஜப்பானியர் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் வானிலிருந்து தாக்கிய பின், இருநூறுக்கும் மேற்பட்ட தளங்களை இந்தியாவில் உருவாக்கும் திட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு விமானங்கள் சில மணி நேரத்தில் பறந்துவிடும். பின்தொடர்ந்து வரும் நூற்றுக்கணக்கான தரைப்பணியாளர்களுக்கோ ஒவ்வொரு தளத்திலும் கூரையும் குடிநீரும் அடுப்படியும் ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

குடியிருப்பைச் சிதறடித்த காரணம்

போருக்கு முன் கட்டப்பட்ட விமானதளங்களில் வீரர்களின் இருப்பிடங்களும் உணவுக்கூடங்களும் விமானக் கொட்டகைகளுக்கு அருகே நெருக்கமாக, நிலையான செங்கல் கட்டடங்களாக அமைந்திருந்தன. 1940 ஆகஸ்டில் ஜெர்மானிய விமானப்படை தென்கிழக்கு இங்கிலாந்தின் பிகின் ஹில், கென்லி முதலிய தளங்களைத் தாக்கியபோது, இந்த நெருக்கத்தின் ஆபத்து வெளிப்பட்டது. கொட்டகையைக் குறிவைத்து வீசப்பட்ட குண்டு சற்றே தவறினாலும் அது உறைவிடத்தின் மீதோ உணவுக்கூடத்தின் மீதோ விழுந்தது. விமானத்தை ஒரு தொழிற்சாலை சில நாட்களில் செய்து தந்துவிட முடியும். பயிற்சி பெற்ற எந்திரவியலாளரை உருவாக்கவோ நீண்ட காலம் ஆகும். எனவே போர்க்காலத்தில் எழுந்த தளங்களில், மனிதர்களை ஓடுபாதையிலிருந்து அகற்றி, ஒருவரிடமிருந்து மற்றவரையும் அகற்றி வைக்கும் சிதறல் திட்டம் பொது விதியாயிற்று.

அத்திட்டத்தின்படி ஒரு தளம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஓடுபாதையை ஒட்டிய தொழில்நுட்பப் பகுதியில் பட்டறைகளும் களஞ்சியங்களும் இருந்தன. அதிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மரத்தோப்புகளின் நிழலிலும் வயல் வரப்புகளின் ஓரத்திலும், நூறு முதல் சில நூறு பேர் தங்கும் உறைவிடத் தொகுதிகள் தனித்தனியே அமைந்தன. இவற்றுக்கு நடுவே பொதுக்கூடப் பகுதி இருந்தது: அதிகாரிகள், சார்ஜன்ட்டுகள், சாதாரண வீரர்கள் என மூவகையினருக்கும் வெவ்வேறு மெஸ் (உணவுக்கூடம்), உணவுப்பொருள் களஞ்சியம், குளியலறைகள், சிற்றுண்டியும் பொழுதுபோக்கும் கிடைக்கும் கேன்டீன், உடற்பயிற்சிக்கும் வழிபாட்டுக்கும் திரைப்படத்துக்கும் மாறிமாறிப் பயன்பட்ட ஒரு பெரிய மண்டபம். மருத்துவமனைக் கட்டடம் பெரும்பாலும் தனி வளாகத்தில், ஆம்புலன்ஸ் கொட்டகையும் பிணவறையும் சேர்ந்ததாக இருந்தது. உறைவிடத்திலிருந்து மெஸ்ஸுக்கும் மெஸ்ஸிலிருந்து பட்டறைக்கும் உள்ள தொலைவை வீரர்கள் நடந்தோ மிதிவண்டியிலோ கடந்தனர்.

இந்த அமைப்பில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஓடுபாதையை ஒட்டி எழும் கட்டடம், போருக்குப் பின் ஓடுபாதை கைவிடப்பட்டால் தானும் கைவிடப்படும். அல்லது ஓடுபாதை விரிவாக்கப்பட்டால் இடிக்கப்படும். தொலைவில் ஊரை ஒட்டிச் சிதறிக் கிடந்த உறைவிடங்களும் பொதுக்கூடங்களுமோ, தளம் மூடப்பட்டதும் ஊருக்குப் பயன்படும் இடத்தில் ஆயத்தமாக நின்றன. இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் பண்ணைக் களஞ்சியங்களாகவும் சிறு தொழிற்கூடங்களாகவும் அவை தொடர்ந்தன. நார்போக் மாவட்டத்தின் தோர்ப் அபட்ஸ் என்னும் பழைய அமெரிக்கத் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு அரைவட்டக் குடில்களும் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றன.

நெளிதகடும் அரைச்செங்கல் சுவரும்

சில மாதங்களில் சிற்றூரைக் கட்டியாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு மேற்கத்தியப் படைகள் கண்ட விடைகளுள் புகழ்பெற்றது நிஸ்ஸன் குடில். பீட்டர் நார்மன் நிஸ்ஸன் என்னும் சுரங்கப் பொறியாளர் 1916இல், முதல் உலகப் போரின் நடுவே வடிவமைத்த இக்குடில், ஒரு பெரிய உருளையை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து தரையில் கவிழ்த்தது போன்ற தோற்றமுடையது. சுவரும் கூரையும் ஒரே வளைவாக இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பொருள் தேவைப்படவில்லை, பயிற்சி பெற்ற ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் ஒன்றை எழுப்பிவிட முடிந்தது.

அதன் வலிமையின் மறைபொருள் நெளிதகட்டில் இருந்தது. மும்பையில் 'பத்ரா' என்றும் தமிழ்நாட்டில் 'தகரம்' என்றும் வழங்கும் இந்தத் தகட்டை 1829இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தினார். அரை மில்லிமீட்டரை விடச் சற்றே தடித்த தட்டையான இரும்புத் தகட்டை இரு முனைகளில் பிடித்தால் அது தன் எடையாலேயே தொய்ந்துவிடும். அதே தகட்டை அலை அலையாக மடித்தால், அதன் பொருள் நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் விலகி நிற்கிறது. ஒரு பொருள் வளைவை எதிர்க்கும் ஆற்றல், நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் தொலைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பது கட்டமைப்பு இயலின் அடிப்படை விதி. இதன்படி இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள சிறு அலைகளே தகட்டின் விறைப்பை ஆயிரம் மடங்குக்கு மேல் கூட்டிவிடுகின்றன. மீண்டும் அந்த நெளிதகட்டை வில்லாக வளைக்கும்போது காற்றின் அழுத்தமும் பனியின் எடையும் வளைவின் வழியே தரைக்கு இறங்கிவிடுகின்றன. தாராவியில் பத்ராவால் ஒரு மாடத்தை எழுப்பும் கொத்தனாரும் இதே விதியையே கைப்பழக்கத்தால் அறிந்து பயன்படுத்துகிறார்.

பொதுக்கூடங்களுக்கு இந்த வளைவு ஏற்றதாக இல்லாததால், அங்கே அரைச்செங்கல் சுவர் பயன்பட்டது. ஒரு செங்கல்லின் அகலம் மட்டுமே, அதாவது சுமார் 11 சென்டிமீட்டர் தடிப்பு மட்டுமே கொண்ட இச்சுவர் தனித்து நின்றால் காற்றுக்கு ஆடும். ஆகவே ஏறக்குறைய பத்தடிக்கு ஒருமுறை தடித்த செங்கல் தூண் சேர்த்து, வெளிப்புறம் சிமெண்டு பூசினார்கள். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரோடு ஒப்பிட இதற்குப் பாதிச் செங்கல்லே போதும். ஆயினும் சாய்ந்தடிக்கும் மழையின் ஈரம் எளிதில் உள்ளே ஊடுருவும். பூச்சு விழாமல் பார்த்துக்கொண்டவரை சுவர் நின்றது; பூச்சு உதிர்ந்த இடத்தில் ஈரம் ஏறிச் சுவர் சரிந்தது. தற்காலிகக் கட்டடம் என்று வகைப்படுத்தப்பட்டது எண்பது ஆண்டு நிற்பதற்கும் பத்தாண்டில் வீழ்வதற்கும் இடையிலான வேறுபாடு, பல இடங்களில் ஆண்டுதோறும் பூசப்பட்ட ஒரு கை சிமெண்டும் சுண்ணாம்புமே ஆகும்.

வெப்பநாட்டுப் பேரக்கும் காற்றோட்டமும்

நிஸ்ஸன் குடில் குளிர்நாட்டுக்குப் பிறந்தது; அங்கேயே அதன் மெல்லிய தகடு பனிக்காலத்தில் உட்புறம் நீர்த்துளி கோத்து வழிவதும், நடுவில் எரியும் ஒற்றைக் கரி அடுப்பைச் சுற்றி மட்டுமே வெப்பம் நிற்பதும் குறைகளாகக் கூறப்பட்டன. இந்தியாவிலோ நிலைமை நேர்மாறானது. நண்பகல் வெயிலில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. துருவேறிய தகட்டின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது, அதன் உட்பரப்பு கீழே படுத்திருப்பவர் மீது ஒரு அடுப்பைப் போல வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. எனவே இங்கு அமைந்த படைவீரர் உறைவிடங்கள் வேறொரு மரபிலிருந்து வடிவம் பெற்றன.

அந்த மரபின் பெயர் பேரக். பாசறைக் கூடம் என்று பொருள்படும் நீண்ட மண்டபம். 1859இல் அமைக்கப்பட்டு 1863இல் அறிக்கை அளித்த அரச ஆணையம், இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைவீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததைக் கண்டறிந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை போர்க்களக் காயங்கள் அன்று, வயிற்றுக்கடுப்பும் காலராவும் காய்ச்சலுமே. அந்த ஆணையத்தின் பணியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஆழ்ந்து பங்கேற்றார். நல்ல குடிநீர், முறையான கழிவகற்றல், கட்டில்களுக்கு இடையே போதிய இடம், உயர்ந்த கூரை, இருபுறமும் தாழ்வாரம், எதிரெதிர் சாளரங்கள் என்று அவர்கள் வற்புறுத்திய நெறிகளே இந்தியப் பாசறைகளின் வடிவத்தை வகுத்தன. போர்க்காலத்தில் எழுந்த பேரக், அந்த நிலையான பாசறையைச் சுருக்கி, மலிவாக்கி, அவசரத்தில் எழுப்பிய வடிவம் எனலாம்.

அவ்வடிவத்தில் காற்று இரு வழிகளில் நகர்கிறது. எதிரெதிர் சாளரங்களின் வழியே வீசும் காற்று மண்டபத்தைக் குறுக்கே கடந்து, உடலின் வியர்வையை உலர்த்துகிறது. மும்பை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரில் வெப்பநிலையைக் குறைப்பதைவிட இந்தக் குறுக்குக் காற்றோட்டமே உடலுக்கு அதிகம் உதவும். இரண்டாவது வழி, சூடான காற்று இலேசாகி மேலெழும் இயல்பைச் சார்ந்தது: கூரையின் முகட்டிலோ சுவரின் உச்சியிலோ திறப்பு இருந்தால் வெப்பக்காற்று அதன் வழியே வெளியேறி, கீழே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுப்பதால், மழைக்காலத்தின் நடுவிலும் சாளரங்களைத் திறந்து வைக்க முடிந்தது.

கட்டில்களின் இடைவெளிக்கும் அறிவியல் சான்று உண்டு. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் பாசறையில் மூளைக்காய்ச்சல் பரவியதை ஆராய்ந்த ஜே. ஏ. குளோவர் என்னும் மருத்துவர், படுக்கைகள் சில அங்குல இடைவெளியில் நெருக்கப்பட்டபோது தொண்டையில் கிருமியைச் சுமப்போரின் விகிதம் ஏறியதையும், அவற்றை இரண்டரை அடி விலக்கியதும் அவ்விகிதம் இறங்கியதையும் பதிவு செய்தார். மருந்து எதுவுமின்றி, கட்டிலை நகர்த்துவதாலேயே நோயைத் தணிக்க முடியும் என்ற இந்த முடிவு, நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட எந்த நகருக்கும் இன்றும் பொருந்தும் உண்மையாகும்.

கரக்பூர்: மறைந்த பாஷாவும் நின்ற மாளிகையும்

இந்தியாவில் எழுந்த குண்டுவீச்சுத் தளங்களுள் மிகப் பெரியவை வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றி அமைந்தன. 43 மீட்டர் இறக்கை விரிவும் முழுச்சுமையோடு 60 டன்னைத் தாண்டும் எடையும் கொண்ட அமெரிக்காவின் பி-29 விமானங்களுக்காக சாலுவா, கலைகுண்டா, துத்குண்டி, பியார்டோபா, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சாகுலியா ஆகிய இடங்களில் ஓடுபாதைகள் நீட்டப்பட்டன. கரக்பூர் ஜப்பானிய விமானங்கள் எட்டும் தொலைவுக்குப் பெரும்பாலும் அப்பாற்பட்டிருந்தது; ரயில் சந்திப்பாக இருந்தது; அதன் மேட்டுநிலம் செம்புரைக்கல்லால் ஆனது. செம்புரைக்கல் என்பது, வெப்பமும் மழையும் மாறிமாறித் தாக்கியதால் இரும்புச்சத்து செறிந்து இறுகிய செம்மண் பாறை. அது நீர் தேங்காத உறுதியான அடித்தளத்தைத் தந்தது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள், பெண்களும் அடங்க, கூடையிலும் தலைச்சுமையிலும் கல்லும் மண்ணும் சுமந்து அமைத்த அத்தளங்களில், முதல் பி-29 விமானம் 1944 ஏப்ரல் 2 அன்று சாகுலியாவில் இறங்கியது. அவ்வாண்டு ஜூன் 5 அன்று பாங்காக் மீது நடந்த தாக்குதலே அந்த வகை விமானத்தின் முதல் போர்ப்பணி. அதே ஆண்டு ஆகஸ்டில் இவ்விமானங்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை திருகோணமலையின் சீனன்குடாத் தளத்திலிருந்து சுமத்ராவின் பலெம்பாங் வரை பறந்து திரும்பின.

இத்தளங்களில் வீரர்களுக்குக் கிடைத்த வீடு பெரும்பாலும் 'பாஷா' எனப்பட்ட மூங்கில் குடில். மூங்கில் கழிகளைச் சட்டமாக நட்டு, பிளந்த மூங்கிலைப் பாயாகப் பின்னிச் சுவராக்கி, புல்லாலோ வைக்கோலாலோ தடித்த கூரை வேய்ந்து, கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் இட்டுத் தங்கினர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் அந்நிலத்தில் பாஷா இரும்புக் குடிலைவிட உயர்ந்த வீடாக இருந்ததற்குக் காரணம் எளியது: இரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு வேய்ந்த புற்கூரையைவிடச் சுமார் 700 மடங்கு மிகுதி, தண்டுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்து நிறுத்த, பின்னல் சுவரின் இடுக்குகள் காற்றை உள்ளே விட்டன.

வாழ்வதற்கு மிகச் சிறந்த அந்த வீடே மிக விரைவில் அழிந்தது. மூங்கிலின் தண்டில் மாவுச்சத்து நிறைந்திருப்பதால் துளைப்பூச்சிகள் அதை விரும்பித் தின்கின்றன; மண்ணில் நட்ட அடிப்பகுதியைக் கரையானும் பூஞ்சையும் அரிக்கின்றன. பதப்படுத்தாத மூங்கில் ஈரமண்ணில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளே தாங்கும். 1945இன் முற்பகுதியில் பி-29 படை பசிபிக் தீவுகளுக்குப் பெயர்ந்த பின், பராமரிப்பாரற்ற பாஷாக்கள் சில மழைகளிலேயே இற்று வீழ்ந்தன. சாகுலியாவில் கான்கிரீட் ஓடுபாதைகள் எஞ்ச, அவற்றைச் சுற்றி வாழ்ந்தோரின் ஊர் மறைந்தது.

ஒரு கட்டடம் மட்டும் வேறு விதியைப் பெற்றது. 1930இல் ஆங்கிலேய அரசு விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்துவைக்கக் கரக்பூரை அடுத்த ஹிஜ்லியில் நிறுவிய தடுப்பு முகாமில், 1931 செப்டம்பர் 16 அன்று காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா ஆகிய இரு கைதிகள் உயிர்துறந்தனர். போரின்போது அம்முகாமின் உறுதியான செங்கல் மாளிகை பி-29 படையின் தலைமையகமாயிற்று. 1951இல் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதே மாளிகையில் வகுப்புகளைத் தொடங்கியது. இன்று ஹிஜ்லி ஷகீத் பவன் என்ற பெயரில், நேரு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைத் தாங்கி அது நிற்கிறது. சிறையாகவும் போர்த் தலைமையகமாகவும் கல்விக்கூடமாகவும் அருங்காட்சியகமாகவும் அடுத்தடுத்துப் பயன்பட்டதால்தான் அதன் கூரை ஒழுகாமல் காக்கப்பட்டது.

கல்யாணும் செம்பூரும்: பாசறை ஊரான வரலாறு

மும்பைத் துறைமுகம் போருக்குச் செல்லும் படைகளும் திரும்பும் படைகளும் ஏறி இறங்கும் வாயிலாக இருந்ததால், அவர்கள் சில நாட்களோ வாரங்களோ தங்கிச் செல்ல, நகரிலிருந்து 58 கிலோமீட்டர் தொலைவில் கல்யாண் இடைத்தங்கல் முகாம் அமைக்கப்பட்டது. 6,000 படைவீரர்களும் 30,000 பிறரும் தங்கும் வகையில் அங்கே 2,126 பேரக்குகள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நடுவில் பெரிய மண்டபமும் இரு முனைகளிலும் சிறு அறைகளும் கொண்டவை. படையோடு வந்த சமையற்காரர், வெளுப்பவர், நீர் சுமப்பவர், துப்புரவாளர் போன்ற பணியாட்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கைக் கொண்டு ஊகிக்கலாம். முகாமுக்கு அருகே நேவாலியில் ஒரு விமான ஓடுபாதையும் போர்க்காலத்தில் உழவர் நிலத்தை எடுத்து அமைக்கப்பட்டது.

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது சிந்து மாகாணத்திலிருந்து வீடிழந்து வந்தோரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்த வெறிச்சோடிய முகாம் அடைக்கலமாயிற்று. 1949 ஆகஸ்ட் 8 அன்று, இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநரான சி. ராஜகோபாலாச்சாரி அடிக்கல் நாட்ட, உல்லாஸ் ஆற்றின் பெயரால் உல்லாஸ்நகர் பிறந்தது. அதன் பகுதிகள் இன்றும் கேம்ப் ஒன்று முதல் கேம்ப் ஐந்து வரை எண்களால் வழங்குகின்றன. செம்பூரிலும் படைவீரர்களுக்கென இருந்த பேரக்குகளில் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். கலெக்டர் காலனியை அடுத்த அவ்விடத்தைச் செம்பூர்வாசிகள், தமிழர்களும் சேர்ந்து, இன்றளவும் செம்பூர் கேம்ப் என்றே அழைக்கின்றனர்.

ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் வாழ நேர்ந்தபோது, முதலில் சாக்கும் துணியும் கட்டித் தடுத்தார்கள். பின்னர் பலகையும் செங்கல்லும் வந்தன. இங்கேதான் கட்டட அறிவியல் ஒரு பாடம் புகட்டுகிறது. பேரக்கின் நலம் முழுவதும் குறுக்குக் காற்றோட்டத்தைச் சார்ந்தது. மண்டபத்தைக் குறுக்கே அறுத்து, முன்வாசல் ஒன்றும் பின்வாசல் ஒன்றுமாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு அளித்தால், ஒவ்வொரு துண்டும் இருபுறச் சாளரங்களைத் தக்கவைத்துக்கொள்ளும். மாறாக, நடுவே நீளவாக்கில் சுவர் எழுப்பி இரு வரிசை அறைகளாக்கினால், எந்த அறைக்கும் எதிர்ச்சாளரம் இராது. காற்று உள்ளே வர வழியிருந்தும் வெளியேற வழியின்றித் தேங்கும். தாழ்வாரத்தை அடைத்துச் சமையலறையாக்கும்போது இடம் பெருகும், ஒளி குறையும். வீடற்றுப் போனவர்கள் கிடைத்த கூரையின் கீழ் மானத்தோடு வாழ மேற்கொண்ட இந்த மாற்றங்களே அந்தக் கட்டடங்களை உயிரோடு வைத்தன. குடியிருந்தவர்கள் பூச்சு பூசியதாலும் ஓடு மாற்றியதாலும்தான் தற்காலிகச் சுவர்கள் தலைமுறைகளைத் தாண்டின.

சாந்தாகுரூஸில் விமானப்படை விட்டுச் சென்ற இரண்டு கொட்டகைகளும் இதே வழியில் சில காலம் வாழ்ந்தன. போருக்குப் பின் தளம் பயணிகள் போக்குவரத்துக்கு மாறியபோது, ஒரு கொட்டகை உள்நாட்டுப் பயணிகளுக்கும் மற்றொன்று வெளிநாட்டுப் பயணிகளுக்கும் நிலையமாயின. 1958இல் புதிய கட்டடம் திறக்கப்படும் வரை மும்பைக்கு வானில் வந்தவர்களை அவையே வரவேற்றன. நேவாலி ஓடுபாதையின் கதை வேறு. நிலத்தைத் திரும்பக் கேட்டு உழவர்கள் 2017இல் பெரும் போராட்டம் நடத்தினர். ஒரே போரில் அருகருகே எழுந்த கல்யாண் முகாம், நேவாலி ஓடுபாதை ஆகிய இரண்டில், குடியிருப்பு நகரமாக வளர்ந்தது. ஓடுபாதை வழக்குக்குரிய நிலமாக எஞ்சியது.

எஞ்சியதைப் படிக்கும் முறை

கட்டடம் வீழ்ந்த பின்னும் அதன் தரை பேசும். கான்கிரீட் தளத்தின் மேல் படிந்த மண் மெல்லியது. அதில் ஈரம் குறைவாகத் தங்குவதால், கோடையில் அவ்விடத்துப் புல் சுற்றுப்புறத்தைவிட முன்னதாகக் காய்ந்து, வானிலிருந்து பார்க்கும்போது பழைய குடிலின் செவ்வகம் வெளிர்நிறத்தில் தெரியும். செயற்கைக்கோள் படங்களைப் பழைய படைத்துறை வரைபடங்களோடு ஒப்பிட்டு, உறைவிடங்களின் வரிசையையும் வடிகால்களின் போக்கையும் மீட்டெடுக்கும் முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. உல்லாஸ்நகர் போன்ற நெருக்கமான நகரத்தில் சான்று தெருவின் வடிவிலேயே இருக்கிறது: முறுக்கின்றி இணையாக ஓடும் சந்துகள், சம இடைவெளியில் அமைந்த நீண்ட மனைகள், எண்ணால் வழங்கும் பேரக் முகவரிகள் ஆகியவை, மேலே எத்தனை மாடி எழுந்தாலும் அடியில் கிடக்கும் முகாமின் வரைபடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. தமிழகத்தில் படை தங்கிய இடங்கள் பாளையம் என்ற பெயரோடு ஊர்களாக நிலைத்ததைப் போலவே, மும்பை வட்டாரத்தில் கேம்ப் என்னும் சொல் ஊர்ப்பெயராக வேரூன்றிவிட்டது.

பெயர் நிலைக்கும், கட்டடம் நிலைக்காது. பழுதடைந்த பேரக்குகளில் வாழ்வோருக்கு உறுதியான புதிய வீடு கிடைப்பது நியாயமானது, அதற்குத் தடையாகப் பழஞ்சுவரைக் காக்க வேண்டும் என்று எவரும் கோரக் கூடாது. ஆயினும் இடிப்பதற்கு முன் அளப்பது எவருக்கும் இழப்பன்று. மும்பையில் 1995 முதல் பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் விதிகள் நடைமுறையில் உள்ளன. கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் காட்டும் அந்த அக்கறையில் ஒரு பங்கு, எளியோர் வாழ்ந்த போர்க்காலப் பாசறைகளுக்கும் உரியது. சுவரின் தடிப்பு, சாளரங்களின் இடம், கூரையின் கட்டு, பின்னர் எழுந்த தடுப்புகளின் வரிசை ஆகியவற்றை வரைந்து, படமெடுத்து, அங்கே பிறந்து வளர்ந்த முதியோரின் நினைவுகளையும் அவர்கள் மொழியிலேயே பதிவு செய்யும் பணியைக் கட்டடக்கலை மாணவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். போரிலிருந்து வந்தவர்களையும் பிரிவினையிலிருந்து வந்தவர்களையும் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துத் தாங்கிய சுவர்கள் அவை. அவற்றின் அளவுகளேனும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர வேண்டும்.